விளிம்பில் நின்ற லாஞ்சு

உள்ளறையில் தகரப் பெட்டியின் மூடி தடாலென்று விழுந்தது.

முன்னறையில் வாசித்துக்கொண்டிருந்த அலிமா நிறுத்தினாள். அவள் கையில் இருந்தது ஒரு பத்திரிகைத் துண்டு. மடித்து மடித்து, நாலு துண்டாகப் பிரிந்துவிடும் நிலைக்கு வந்திருந்தது. எதிரே நாற்காலியில் இருந்த கணபதிசுப்பிரமணியன் உள்பக்கம் திரும்பி, என்ன விழுந்தது என்று மனைவியிடம் கேட்டார். பதில் வரவில்லை. முப்பது வருஷ வாழ்க்கையில் அகிலாண்டேஸ்வரி அவர் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. ஏதோ கை வேலையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்க வாசிங்கம்மா," என்றார்.

அலிமா விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். "'வெளியே நிற்பவர்கள் கண்ணுக்கு, கருந்துளைக்குள் விழுகிறவர் ஒருபோதும் விழுந்து முடிப்பதில்லை. விளிம்பை நெருங்க நெருங்க அவர் மெதுவாகி, அங்கேயே நின்றுவிட்டது போலத்தான் தெரிவார்.'" துண்டைப் பக்குவமாக மடித்தாள். "அவ்வளவுதான் அண்ணாச்சி. இது இன்னும் இப்படித்தானா? இல்ல, பொறவு புதுசா எதுவும் கண்டுபிடிச்சிருக்காங்களா?"

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிய பதில் அது. யாரோ ஒருத்தி அதைக் கடையநல்லூரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து, சாரலில் நனைந்துவிடாமல் முந்தானைக்குள் பொத்திவைத்துக் காட்டுகிறாள். சந்தோஷப்பட வேண்டிய காரியம். ஆனால் அவர் எழுதிய பதில் அதோடு முடியவில்லை.

*

தென்காசி பஸ் நிலையத்தில் டைம் ஆபீஸ் என்று ஒரு சிறிய அறை உண்டு. அதன் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் கணபதிசுப்பிரமணியன். செங்கோட்டை வண்டி எத்தனை மணிக்கு வந்தது, சங்கரன்கோவில் வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று நோட்டில் குறிப்பதுதான் வேலை. ஒரு நிமிஷம் முந்திக் கிளம்பிவிட்டான், அரை நிமிஷம் பிந்தி நின்றான் என்று டிரைவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சொல்லும் புகார்களைத் தீர்த்துவைப்பதும் அவர்தான். வீரகேரளம்புதூரில் பிறந்து, பாளையங்கோட்டையில் பௌதிகம் படிக்கப் போய், அப்பா இறந்துவிட்டதால் இரண்டாம் வருஷத்தோடு திரும்பி வந்தவர். படிப்புதான் நின்றது. ஆசை நிற்கவில்லை. வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய், வேறு யாரும் தொடாத ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகைகளை அகராதி வைத்துக்கொண்டு படிப்பார்.

1976-ல் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன மாத இதழுக்கு நட்சத்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். ஆசிரியருக்குப் பிடித்துப்போய், வாசகர்களின் கேள்விகளுக்கு மாதாமாதம் பதில் எழுதச் சொன்னார். முகவரியாக டைம் ஆபீஸையே போட்டார்கள். தபால் கார்டுகள் வரத் தொடங்கின. பிரபஞ்சத்துக்குச் சுவர் உண்டா, அந்தச் சுவருக்கு அப்பால் என்ன? நம் சூரியன் ஒருநாள் கருந்துளையாகிவிடுமா? கருந்துளை வந்து பூமியை உறிஞ்சிவிடுமா? பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்கிறீர்களே, அப்படியானால் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே தூரம் கூடுமா? கடைசிக் கேள்வியைப் படித்து அவர் வெகுநேரம் சிரித்தார். ஆனாலும் பொறுப்பாகப் பதில் எழுதினார். ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பவை விலகுவதில்லை, வெகு தொலைவில் இருக்கும் நட்சத்திரக் கூட்டங்கள்தாம் விலகிப் போகின்றன, செங்கோட்டை அதே இடத்தில்தான் இருக்கும் என்று. சூரியன் கருந்துளையாகாது, அதற்கு அந்த அளவு கனம் போதாது. கருந்துளை தேடி வந்து யாரையும் விழுங்குவதுமில்லை, கிட்டப் போனவர்களுக்குத்தான் ஆபத்து. ஒளிகூட அதிலிருந்து ஏன் தப்ப முடியாது என்று ஒரு மாணவி கேட்டதற்குக் குற்றாலத்து அருவியைச் சொன்னார். அருவி விளிம்புக்கு இந்தப் பக்கம் வரை மீன் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பலாம், விளிம்பைத் தாண்டிய மீன் திரும்பாது என்று எழுதினார்.

பஸ் நிலையத்தில் அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. டிரைவர் மந்திரமூர்த்தி தினமும் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணாச்சி, மேலோகத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி?" என்பான்.

"போற வண்டி எப்பவும் இருக்குலே. திரும்பி வாரதுக்குத்தான் இல்ல," என்பார் அவர்.

அவருக்கு ஒரு குறை உண்டு. கையெழுத்து படு மோசம். வண்டி நம்பர்களை அவசரமாகக் கிறுக்கிக் கிறுக்கி விரல்கள் அப்படிப் பழகிவிட்டன. முதல் மாதமே அச்சுக் கோக்கிறவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அன்றிலிருந்து அவர் கிறுக்குவதை அகிலாண்டேஸ்வரி நல்ல தாளில் படியெடுத்து அனுப்பினாள். மேலகரத்தில் அவர்கள் குடியிருந்த அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்டதில்லை. சாயங்காலம் அவர் கொண்டுவரும் தபால் கார்டுகள்தாம் இருவருக்கும் பேச்சுத்துணை. கார்டுகளை முதலில் வாசிப்பவள் அவள். பதிலைக் கடைசியாகத் தொடுபவளும் அவள்தான். அவள் படியெடுத்ததை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. சோற்றில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்ததில்லையே, அது போலத்தான்.

1979 ஆனி மாதம். அமெரிக்க விண்கலம் ஸ்கைலாப் எங்கள் ஊர் மேல் விழுமா என்று கட்டுக்கட்டாகக் கார்டுகள் வந்த சமயம். அந்தக் கட்டுக்குள் ஒரு கார்டு இப்படி இருந்தது: 'கருந்துளைக்குக் கிட்டத்தில் நேரம் மெதுவாகப் போகும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உள்ளே விழுகிறவரை, வெளியே நிற்கிறவர்கள் எப்போது விழுந்ததாகப் பார்ப்பார்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடவும். வீட்டில் கேட்கிறார்கள். அ., கடையநல்லூர்.'

அருமையான கேள்வி என்று கணபதிசுப்பிரமணியன் மெச்சினார். விவரமாகப் பதில் எழுதினார். வீட்டுக்குத் தபாலில் வரும் இதழ் அந்த மாதம் மட்டும் அவர் கைக்கு வந்துசேரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று விட்டுவிட்டார். மூன்று வருஷம் கழித்து அந்த இதழே நின்றுபோனது. கார்டுகளும் நின்றன.

*

இப்போது அந்த 'அ.' அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டைம் ஆபீஸில் விசாரித்து, இன்று அவருக்கு விடுமுறை என்று அறிந்து, மேலகரத்துக்கு வழி கேட்டு வந்திருந்தாள். வயது முப்பத்தாறு. தலையில் இழுத்துப் போட்ட வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் அதைவிட மூத்துத் தெரிந்தது.

அவள் தன் கதையைச் சத்தமில்லாமல் சொன்னாள். கணவன் காஜா மைதீன் தறிக்காரன். 1977-ல் வளைகுடாவுக்குப் போகிறேன் என்று பம்பாய்க்குப் போனான். விசா கிடையாது, லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகில் ஏற்றிக் கடல் கடத்திவிடுவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஏறும் முன் ஒரு கடிதம் போட்டான். மகள் ஜன்னத்துக்குக் காலுக்குச் சங்கிலி வாங்கி வருவேன் என்று அதில் எழுதியிருந்தான். அந்த லாஞ்சு கரை சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, கவிழ்ந்ததாகவும் தகவல் இல்லை. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒருவருடைய உடலும் ஒதுங்கவில்லை.

இரண்டு வருஷம் கழிந்ததும் வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள். மௌத்தாகிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு இத்தா இரு என்றார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் கடமை அது. அதை முடித்துவிட்டால் அவள் விதவை. வேண்டுமானால் மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளலாம். அலிமாவின் மனம் ஒப்பவில்லை. எதைப் பார்த்து மௌத் என்று சொல்வது? அந்தச் சமயத்தில்தான் கடையநல்லூர் நூலகத்தில் இந்தப் பத்திரிகையைப் பார்த்தாள், கார்டு போட்டாள். பதில் வந்த இதழைக் கேட்டு வாங்கி, அந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள்.

"என் கண்ணுக்கு அவுக அங்கன விளிம்புலதான் நிக்குதாக அண்ணாச்சி. படிச்சவங்களே எழுதியிருக்காங்க, வெளிய நிக்குதவங்க விழுந்ததாப் பாக்கவே முடியாதுன்னு. அப்ப நான் மட்டும் எப்படிச் சொல்லுவேன்?"

காஜா காணாமல் போய் நாலு வருஷம் முடிந்தபோது ஜமாஅத்துப் பெரியவர்கள், இனி மார்க்கத்தில் தடையில்லை, உன் மனம் ஒப்பினால் போதும் என்றார்கள். அவள் துண்டைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தெரு மசூது, மனைவியைப் பறிகொடுத்தவன், ஜன்னத்தையும் தன் மகளாகவே வளர்ப்பதாக ஆள் அனுப்பினான். அலிமாவுக்கு அவன் மேல் மதிப்பு உண்டு. அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள். அப்போதும் துண்டைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்றாள். அவன் இரண்டு வருஷம் காத்திருந்து, பண்பொழியில் பெண் எடுத்தான்.

இன்றைக்கு அவள் வந்தது வேறு காரியமாக. ஜன்னத்துக்கு மூன்று வாரத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை சவூதியிலிருந்து லீவில் வருகிறான். அழைப்பிதழ் தென்காசியில் அச்சாகிறது. புரூப் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து விரித்தாள். காஜா மைதீன் அவர்களின் செல்வி என்று இருந்த வரியில், அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் காலியாகக் கிடந்தது. இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று போடுவது வழக்கம். அந்தச் சொல் வேண்டுமா வேண்டாமா என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறார்கள். சொல் இல்லாவிட்டால், தகப்பன் உயிரோடுதானே இருக்கிறார், சம்மதம் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். சொல் இருந்தால் காஜாவின் தம்பி துல்கர்னைன் தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுப்பான். துல்கர்னைன் அண்ணியை வற்புறுத்தவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"அதான் ஒங்ககிட்ட கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். நீங்க எழுதினதுதானே. இப்பவும் அப்படித்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்தச் சொல்லைப் போடாம இடத்தை மூடிரச் சொல்லிருவேன்."

*

கணபதிசுப்பிரமணியன் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். ஒரு பொய் சொல்லிவிடலாம். அவள் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அரை நிமிஷம் பிந்திய வண்டியைக்கூட நேரத்துக்கு வந்ததாக எழுதத் தெரியாத மனிதர் அவர்.

"இதுல ரெண்டு வரி குறையுதும்மா," என்றார். "நான் எழுதினது இதுக்கு மேலயும் இருந்துது. அச்சாபீஸ்ல இடம் பத்தலைன்னு வெட்டியிருப்பாங்க."

"அச்சாபீஸ்ல வெட்டல."

அகிலாண்டேஸ்வரி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில், தபாலில் தொலைந்ததாக அவர் நம்பிய அந்த இதழ். இன்னொரு கையில் அவருடைய கிறுக்கல் உள்ள பழைய தாள்.  பெட்டியின் அடியில் ஏழு வருஷம் கிடந்த அந்த இரண்டையும் எடுத்தபோதுதான் மூடி கைதவறி விழுந்திருக்கிறது.

அவள் கணவனைப் பார்க்கவில்லை. நேராக அலிமாவிடம் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் விட்டுட்டேன். அந்தக் கார்டை வாசிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது வானத்தைப் பத்தின கேள்வி இல்லன்னு. கருந்துளையைப் பத்திக் கேக்குதவங்க எவங்களும் 'சீக்கிரம் பதில் போடுங்க, வீட்டுல கேக்குதாங்க'ன்னு எழுத மாட்டாங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான். குத்தாலிங்கம். அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு, பத்தொம்பது வயசுல செங்கோட்டையில கொல்லம் ரயிலேறினான். வரவே இல்ல. எங்கம்மா ராத்திரி ராத்திரி ஒரு தட்டுச் சோறு எடுத்து மூடி வைப்பா. இருவது வருசம். அந்தச் சோத்தை மூடி வைக்கணுமேங்கிறதுக்காகத்தான் அவ காலையில எந்திரிச்சா. ஒருநாள் எங்கப்பா, அவன் செத்துத் தொலைஞ்சிருப்பான், இனிமே வைக்காதேன்னுட்டாரு. மறு மாசம் அம்மா போயிட்டா." கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இவுக எழுதினதைப் படியெடுத்துட்டே வந்தேன். அந்த ரெண்டு வரிக்கு வந்ததும் என் கை ஓடல. முகம் தெரியாத ஒருத்திக்குத் தட்டை எடுத்துராதேன்னு சொன்னதா நெனச்சேன். சாமி சத்தியமா நல்லதுன்னுதான் செஞ்சேன்."

கணபதிசுப்பிரமணியன் கையிலிருந்த துண்டை முழங்காலில் வைத்தார். தன் எழுத்து முப்பது ஊர்களுக்குப் போகிறது என்று பெருமைப்பட்ட காலத்தில், அது ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. மனைவியின் குனிந்த தலையைப் பார்த்தார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

அலிமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கிறுக்கல் அவளுக்குப் புரியவில்லை. அதை அவரிடம் நீட்டினாள்.

"வாசிங்க அண்ணாச்சி."

வேறு வழியில்லாமல் வாசித்தார். "'ஆனால் இது ஒளி நம்மிடம் வந்துசேரும் தாமதத்தால் ஏற்படும் தோற்றம் மட்டுமே, அந்த ஒளியும் சிவந்து, மங்கி, வெகு சீக்கிரத்தில் இல்லாமல் போய்விடும். விழுந்தவரோ தம் கடிகாரப்படி எப்போதோ விளிம்பைத் தாண்டிவிட்டார், அவர் திரும்பி வர வழியில்லை.'"

குற்றாலத்துக்குப் போகும் சீசன் பஸ் ஒன்று சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்குள் இருந்தவர்கள் பாடிக்கொண்டு போனார்கள். அந்தப் பாட்டு தேய்ந்து மறையும்வரை அலிமா அசையாமல் இருந்தாள்.

"அவுக கடிகாரப்படி," என்று மெல்லச் சொன்னாள். "அவுகளுக்கு வலிச்சிருக்குமா அண்ணாச்சி? ரொம்ப நேரம் ஆகியிருக்குமா?"

 "தெரியலம்மா," என்றார். 

அப்போதுதான் அலிமாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. ஒன்பது வருஷமாக அவள் அழவில்லை. விளிம்பில் நிற்கிறவருக்காக யாரும் அழ மாட்டார்கள் அல்லவா. துப்பட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதாள். அகிலாண்டேஸ்வரி அவளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அலிமா முகத்தைத் துடைத்தாள்.

"ஏழு வருசமா நான் தனியாப் படுக்கல மைனி. அவுக அங்கன நிக்குதாகன்னு நெனச்சுத்தான் கண்ணை மூடினேன். மசூதுக்கு வேண்டாம்னு சொன்னதும் அதை நெனச்சுத்தான். ஒங்களைத் திட்டணுமா, ஒங்களுக்கு துஆ கேக்கணுமா, எனக்கே புரியல."

அகிலாண்டேஸ்வரி, திட்டிவிடு என்று கெஞ்சினாள். அலிமா தலையை அசைத்தாள். புரூப் தாளைத் தரையில் விரித்து, மடிப்பைக் கையால் நீவி, அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு இதை எழுதக் கை வராது. விட்டதும் ஒங்க கைதானே. நீங்களே எழுதிருங்க மைனி."

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தவர் கணபதிசுப்பிரமணியன். அகிலாண்டேஸ்வரிக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. அலிமா எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ம. ர். ஹூ. ம். அந்த ஒரு விரற்கடை இடத்தில், அச்சுப் போன்ற அதே முத்து எழுத்தில், அகிலாண்டேஸ்வரி எழுதினாள். கடைசிப் புள்ளியை வைக்கும்போது கண்ணீர் விழுந்துவிடாமல் முகத்தை விலக்கிக்கொண்டாள்.

மை உலரும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அலிமா தாளை மடித்தாள். அச்சகத்தில் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய் இத்தாவில் உட்காரப் போவதாகச் சொன்னாள். ஜன்னத்தின் நிக்காஹ் அன்று பந்தல் தன் வீட்டு வாசலில்தான், ஆனால் தான் உள்ளறையில்தான் இருப்பேன் என்றாள். "சத்தம் கேக்கும். அது போதும்." நைந்த பத்திரிகைத் துண்டை எடுத்துச் செல்ல அவள் கை நீளவில்லை. அது கணபதிசுப்பிரமணியனின் முழங்காலில் கிடந்தது.

"நாலு பத்துக்குக் கடையநல்லூர் வண்டி," என்றார் அவர். 

"தெரியும் அண்ணாச்சி," என்றாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அகிலாண்டேஸ்வரி தரையில் அதே இடத்தில், பேனாவை மூடாமல், முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தக் கோலத்தில் அவளை யாரும் பார்க்க வேண்டாம் என்று அலிமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாரலில் இறங்குவதற்கு முன், தானே கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.